பாடாமல் நின்ற பிள்ளைகள்

கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே நாள்தோறும் காலையில் மாணவர்கள் அணிவகுத்துத் தேசிய கீதம் பாடும் வேளையில், பத்தாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பயின்ற உடன்பிறந்தார் மூவர், எல்லாரோடும் எழுந்து, எல்லாரையும் போலவே நிமிர்ந்து மரியாதையாக நின்று, வாய் மட்டும் திறவாமல் இருப்பார்கள். அவர்களுக்கு முன்பு அதே பள்ளியில் படித்த தமக்கைமாரும் தங்கள் காலத்தில் அப்படியே நின்றவர்கள். ஆண்டுகள் பல கழிந்தும் எவரும் அதைக் குற்றமென்று கருதவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கவனத்துக்கு அது வந்தது. தேசபக்திக்குப் பங்கம் நேர்ந்துவிட்டதென்று எண்ணிய அவர் சபையில் கேள்வி எழுப்பினார். சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அப்பிள்ளைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், கீதத்துக்கு அவர்கள் எவ்வித அவமதிப்பும் செய்யவில்லை என்பதே அக்குழு கண்ட முடிவு. அப்படியிருந்தும், பள்ளித் துணை ஆய்வாளரின் உத்தரவின் பேரில், ஜூலை 26 முதல் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சர்க்காரின் முடிவு தெரியும் வரையிலாவது பிள்ளைகளை வகுப்பில் அமர விடுங்கள் என்று தந்தை மன்றாடியபோது, தம்மால் ஒன்றும் இயலாதென்று தலைமையாசிரியை கூறிவிட்டார்.

அக்குடும்பத்தார் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவர்கள். பாட்டின் சொற்களில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதன் கருத்திலும் இல்லை. தேவன் ஒருவருக்கே உரிய வழிபாட்டின் சாயல், ஒரு தேசத்தின் கீதத்தைப் பாடுவதிலும் ஒரு கொடியை வணங்குவதிலும் இருக்கிறதென்பது அவர்களுடைய நம்பிக்கை. திரித்துவத்தை ஏற்காத அவர்களைக் கத்தோலிக்கரோ, தென்னிந்தியத் திருச்சபையாரோ, லுத்தரன் சபையாரோ, பெந்தெகொஸ்தே சபையாரோ தம்மவராகக் கொள்வதில்லை. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தேசிய கீதத்தை மனமார, உரத்த குரலில், பெருமிதத்தோடு பாடுகிறவர்கள். எனவே, அந்த மூன்று பிள்ளைகள் நாட்டில் சிறுபான்மை, அச்சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை, கிறிஸ்துவின் பெயரையே உச்சரிக்கும் மற்றச் சபைகளாலும் ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் குழந்தைகள். கிறிஸ்துவின் பெயரால் ஒரு நம்பிக்கையைப் பகிரங்கமாக வாழ்ந்து காட்டுவது எத்தகையது என்று இக்காலத்தில் வினவுவோர்க்கு, ஆயிரம் பேர் கூடிய மாநாட்டையோ நீண்ட ஊர்வலத்தையோ காட்டிலும் இந்த மூவரையே நான் முதலில் சுட்டிக்காட்டுவேன்.

கேரள உயர்நீதிமன்றத்தில் முதலில் தனி நீதிபதியும், பின்னர் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வும் வழக்கைத் தள்ளிவிட்டனர். தேசிய கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து ஆராய்ந்து, எந்த மதத்தினரின் உணர்ச்சியையும் புண்படுத்தும் பதம் ஒன்றும் அதில் இல்லையென்று கண்டு, ஆகவே ஆட்சேபத்துக்கு இடமில்லையென்று அந்நீதிமன்றம் முடித்தது. மேல்முறையீடு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. 1986 ஆகஸ்டு 11ஆம் தேதி, நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம். எம். தத்தும் வழங்கிய தீர்ப்பு, பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்ற பெயரில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படுகிறது.

அத்தீர்ப்பின் நியாயம் எளிமையானது, ஆயினும் ஆழமானது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், பாடும் கூட்டத்தில் குழப்பம் விளைப்பவரையும் தண்டிக்கிறது. மௌனமாக எழுந்து நிற்பவர் இவ்விரண்டில் எதையும் செய்தவர் ஆகார். பள்ளிக் கல்வி இயக்குநர் 1961இலும் 1970இலும் அனுப்பிய சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு அளிக்கும் பேச்சுரிமையை, அந்த உரிமையுள் அடங்கிய பேசாதிருக்கும் உரிமையை, இலாகாவின் கடிதம் ஒன்றைக் கொண்டு பறிக்க முடியாது. தேசிய கீதத்தை மதிப்பது 51ஏ பிரிவின்படி ஒவ்வொரு பிரஜைக்கும் கடமைதான். எழுந்து நிற்பதன் மூலம் அப்பிள்ளைகள் அக்கடமையைச் செய்துவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக நீதிபதி சின்னப்ப ரெட்டி நிறுவிய ஓர் அளவுகோல் உண்டு. ஒருவருடைய மத நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நம்முடைய அறிவுக்கும் உணர்ச்சிக்கும் அது ஒவ்வாததாகவும் இருக்கலாம். நீதிமன்றம் பார்க்க வேண்டியது அதுவன்று. அந்த நம்பிக்கை மெய்யாகவும் மனச்சாட்சியோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி. அப்படிக் கொள்ளப்பட்டதானால் 25ஆம் பிரிவின் காவல் அதற்கு உண்டு. மிகச் சிறியதோர் பிரிவினரும் இந்நாட்டுச் சாசனத்தின் கீழ்த் தம்மை இன்னார் என்று கண்டுகொள்ள இயலுமானால்தான் இது உண்மையான ஜனநாயகம் என்பதும் அவர் எழுதியதன் சாரம். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும், அவர்கள் படிப்புக்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுக்கவும் உத்தரவாயிற்று.

இவ்வழக்குக்கு அமெரிக்காவில் ஒரு முன்கதை உண்டு. அதை நீதிபதியே தம் தீர்ப்பில் எடுத்து விரித்திருக்கிறார். பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், 1935ஆம் ஆண்டில், யெகோவாவின் சாட்சிகளான பன்னிரண்டு வயதுச் சிறுமியும் பத்து வயதான அவள் தம்பியும் கொடிவணக்கம் செய்ய மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1940 ஜூன் 3ஆம் தேதி, எட்டு நீதிபதிகள் ஒருபக்கமும் ஸ்டோன் என்ற ஒரே நீதிபதி மறுபக்கமுமாக, அமெரிக்க உச்சநீதிமன்றம் அக்குழந்தைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. யார் தேசபக்தர், யார் துரோகி என்ற ஐயம் தெருவெங்கும் நிறைந்திருந்தது. தீர்ப்பு வெளியான சில தினங்களுக்குள் மேய்ன் மாநிலத்துக் கென்னபங்கில் யெகோவாவின் சாட்சிகளின் மன்றம் தீக்கிரையாயிற்று. வேறு பல ஊர்களிலும் கும்பல்கள் அவர்களை அடித்துத் துரத்தின. சட்டம் ஒருவரைக் கைவிட்டது என்ற செய்தி பரவியவுடன் தெருவும் அவரைக் கைவிடுகிறது. சரித்திரத்தில் எத்தனையோ முறை கண்ட உண்மை இது. ஆனால், தாம் செய்த பிழையை மூன்றே ஆண்டுகளில் திருத்திக்கொள்ளும் பெருந்தன்மையும் அந்நீதிமன்றத்துக்கு இருந்தது. 1943 ஜூன் 14ஆம் தேதி, அந்நாட்டார் கொடிநாள் கொண்டாடும் தினத்தில், கொடிவணக்கம் செய்ய மறுத்த மேற்கு வர்ஜீனியாப் பிள்ளைகளின் வழக்கில், நாவையும் கையையும் கட்டாயப்படுத்தி நம்பிக்கையை வரவழைக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லையென்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தீர்ப்பு எழுதினார்.

அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்ததையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹிட்லரைப் புகழ்ந்து கைநீட்டி வணங்க மறுத்தார்கள், படையில் சேர மறுத்தார்கள் என்பதற்காக யெகோவாவின் சாட்சிகள் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டார்கள். வதைமுகாம்களில் ஊதாநிற முக்கோணத் துணி அவர்களுக்கு அடையாளமாகத் தைக்கப்பட்டது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் பலர். மற்றக் கைதிகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது: தங்கள் விசுவாசத்தைத் துறந்துவிட்டதாக அச்சிட்ட தாள் ஒன்றில் கையெழுத்திட்டால் விடுதலை. சிலர் இட்டார்கள்; மிகப் பலர் இடவில்லை. அந்நாளில் பெரிய திருச்சபைகளைச் சேர்ந்த எத்தனையோ பேர் ஆலயங்களிலேயே ஸ்வஸ்திகக் கொடியை ஏற்றினார்கள் என்பதையும், கிறிஸ்துவின் பெயரையும் ஹிட்லரின் பெயரையும் ஒரே மூச்சில் உச்சரித்தார்கள் என்பதையும் எண்ணும்போது, எண்ணிக்கையில் பெரிய சபை விசுவாசத்திலும் பெரியதாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவு வருவதில்லை. பெரிய சபைகளிலும் விதிவிலக்கானோர் இல்லாமற் போகவில்லை. ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற கத்தோலிக்க விவசாயி இருந்தார். மூன்று சிறு பெண்குழந்தைகளுக்குத் தந்தை. ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்த மாட்டேன், காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்யும் பணியானால் வருகிறேன் என்றார். ஊர்க்காரரும் குருமாரும் ஆயரும்கூடக் குடும்பத்தை நினைத்து அரசுக்குக் கீழ்ப்படியுமாறு புத்தி சொன்னார்கள். அவர் இசையவில்லை, 1943 ஆகஸ்டு 9ஆம் தேதி தலை வெட்டப்பட்டு இறந்தார். 2007ஆம் ஆண்டில் அதே திருச்சபை அவரை அருளாளர் பட்டத்துக்கு உயர்த்தியது.

இந்தச் சரித்திரங்களை நான் அடுக்குவது வீரக்கதை சொல்வதற்காக அன்று. இவற்றினூடே ஓர் இழை ஓடுகிறது. அதைப் பற்றிக்கொண்டால்தான் நம் காலத்துச் சச்சரவுகளில் வழி புலப்படும். மைனர்ஸ்வில் குழந்தைகள் பிறர் கொடியை வணங்கக்கூடாதென்று கேட்கவில்லை. யேகர்ஷ்டெட்டர் தம் ஊரார் படையில் சேர்வதை மறித்து நிற்கவில்லை. கிடங்கூர்ப் பிள்ளைகள் பாடுகிறவர்களைப் பாடாதே என்று சொல்லவில்லை. பாடுகிறவர்களின் நடுவே, பாடுகிறவர்களுக்கு மரியாதை தந்து, தாங்கள் மட்டும் விலகி நின்றார்கள். தங்கள் நம்பிக்கைக்கான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். அடுத்தவனுடைய பையில் கை விடவில்லை. வேதாகமம் சொல்லும் தூரா சமபூமியில் மன்னன் நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையின்முன் பணியாமல் நின்ற மூவரும் சிலையை உடைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். தாங்கள் பணிய மாட்டோம் என்றார்கள், அதன் பயனாகிய சூளையை ஏற்றார்கள். சாட்சி என்பது இதுவே என்று நான் கருதுகிறேன். தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பாரம் சாட்சி. பிறர்மேல் சுமத்தும் பாரம் எவ்வளவு பக்தியோடு சுமத்தப்பட்டாலும் அதிகாரம்.

மனத்துயரத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சநீதிமன்றம் அப்பிள்ளைகளுக்கு விடுதலை தந்த அதே 1986ஆம் ஆண்டில், அதே கேரளத்தில், கிறிஸ்துவின் ஆறாம் திருக்காயத்தைத் தலைப்பாகக் கொண்ட பி. எம். ஆன்டனியின் நாடகத்தை எதிர்த்துக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள்; சர்க்கார் அந்நாடகத்தைத் தடை செய்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல், டா வின்சி கோட் என்ற திரைப்படத்தைத் தமிழ்நாட்டில் திரையிடக்கூடாதென்று கிறிஸ்தவ அமைப்புகள் வற்புறுத்த, இங்கும் அரசு தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்று நீக்கியது. அந்த நாடகமும் படமும் விசுவாசிகளின் உள்ளத்தை நோகச் செய்தன என்பதை நான் மறுக்கவில்லை. தாங்கள் ஆண்டவராக வணங்கும் ஒருவரைப் பற்றிக் கண்டபடி கற்பனை செய்வதைக் கேட்டால் நோகத்தான் செய்யும். நோவைச் சொல்வதற்கும், மறுத்து எழுதுவதற்கும், பார்க்காமல் இருப்பதற்கும், பார்க்காதீர்கள் என்று தம்மவரைக் கேட்டுக்கொள்வதற்கும் எவர்க்கும் உரிமை உண்டு. அதைக் கடந்து, அயலான் எதைப் பார்க்கலாம் என்பதை நம் மனப்புண் தீர்மானிக்க வேண்டும் என்று சர்க்காரின் வாசலில் போய் நிற்கும்போது, கிடங்கூர்ப் பிள்ளைகளை வெளியேற்றியவர்களின் தர்க்கத்தையே நாம் கையில் எடுத்துக்கொள்கிறோம். அங்கே, உன் மௌனம் எங்கள் தேசபக்தியைப் புண்படுத்துகிறது, ஆகையால் வெளியே போ என்றார்கள். இங்கே, உன் பேச்சு எங்கள் பக்தியைப் புண்படுத்துகிறது, ஆகையால் வாயை மூடு என்கிறோம். இவ்விரண்டுக்கும் வேற்றுமை காண என்னால் இயலவில்லை.

கிடங்கூர் வழக்கின் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த விவகாரம் ஓய்ந்தபாடில்லை. 2016 நவம்பர் 30ஆம் தேதி, எல்லாத் திரையரங்குகளிலும் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு உத்தரவிட்டது; சில தினங்களிலேயே சென்னைத் திரையரங்கு ஒன்றில் எழாதிருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 2018 ஜனவரி 9ஆம் தேதி, கீதத்தை ஒலிக்கச் செய்வது கட்டாயமில்லை என்று அந்த உத்தரவு மாற்றப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பட்டபோது காஞ்சி மடத்தின் விஜயேந்திர சரஸ்வதி எழாமல் அமர்ந்திருந்தது தமிழ்நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. அவர் தியானத்தில் இருந்ததாக மடத்தார் விளக்கம் கூறினார்கள். 2021 டிசம்பரில் இது தொடர்பான வழக்கொன்றில், அப்பாடல் பாடும்போது எழுந்தே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. அம்மாதமே தமிழக அரசு அப்பாடலை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நான் எழுந்து நிற்பேன், அன்போடு நிற்பேன். எழாமல் அமர்ந்திருந்தவரைக் கண்டு வருந்துவதற்கும் அவர் செயலைக் கண்டித்து எழுதுவதற்கும் எனக்கு உரிமை உண்டு. ஆனால், கிடங்கூர்ப் பிள்ளைகளின் வழக்கை நம்முடையதென்று கொண்டாடும் கிறிஸ்தவன், இந்து மடாதிபதி ஒருவரின் இருக்கையைப் பற்றிக் கேள்வி எழும்போது கூட்டத்தோடு கூடிக் கூச்சலிடுவானானால், அவன் மனச்சாட்சியின் சுதந்திரத்தை நேசித்தவன் ஆகமாட்டான். தன் கட்சியை மட்டுமே நேசித்தவன் ஆவான்.

இதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, தம் மத நம்பிக்கையின் காரணமாகக் கொடியேற்றி வணங்க இயலாதென்று சொன்னது பெரும் விவாதமாயிற்று. மாணவனையும் அதிகாரியையும் ஒரே தராசில் நிறுப்பது சரியன்று என்பது என் அபிப்பிராயம். குழந்தை பள்ளிக்கு வருவது அதன் உரிமை. வராவிட்டால் அதன் வாழ்க்கை பாழாகும். அதன் மௌனத்தால் எவருடைய காரியமும் தடைப்படுவதில்லை. உத்தியோகம் ஏற்றவரோ பொதுமக்கள் சார்பாகச் சில காரியங்களைச் செய்வதாக ஒப்புக்கொண்டு அந்த நாற்காலியில் அமர்ந்தவர். அக்காரியங்களில் ஒன்றைச் சக ஊழியர் மனமொப்பிச் செய்து, பொதுமக்களுக்கும் குறைவு நேராதிருக்குமாயின், அதற்கு இடம் கொடுப்பது நல்ல நிர்வாகம். அதற்காக ஒருவரைத் தூற்றுவது தேவையற்றது. ஆனால் உத்தியோகத்தின் பிரதான கடமையே மனச்சாட்சிக்கு விரோதமாகும்போது, சம்பளத்தையும் வைத்துக்கொண்டு கடமையையும் தள்ளிவிடுவது சாட்சியன்று. அங்கே பதவியைத் துறப்பதே மனச்சாட்சி கேட்கும் விலை.

இந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இன்று பல திசைகளிலும் அச்சத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்பதை அறிவேன். பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் உள்ளன. வீடுகளில் கூடும் ஜெபக் கூட்டங்கள் மீது புகார்கள் எழுகின்றன. இத்தகைய காலத்தில் இரண்டு பக்கமாகவும் சறுக்கிவிடுவது எளிது. சிலர், வெளியே தெரியாமல் இருந்துவிட்டால் போதும் என்று விசுவாசத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். சிலர், நாமும் கும்பலாகத் திரண்டு மிரட்டினால்தான் மதிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். முன்னவர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அச்சம் மனித சுபாவம். பின்னவர்கள்மேல் எனக்குக் கவலை அதிகம். ஏனெனில், கும்பலின் பலத்தில் சிறுபான்மையினர் என்றைக்கும் வெல்லப் போவதில்லை, வென்றாலும் அந்த வெற்றியில் சிலுவையில் மரித்தவருக்குப் பங்கில்லை. சட்டத்தின் முன் சென்று, பொறுமையோடு வழக்காடி, தோற்று, மீண்டும் வழக்காடி, கடைசியில் ஒரு நாட்டுக்கே பொதுவான சுதந்திரத்தைப் பெற்றுத் தந்த அக்கேரளக் குடும்பம் மூன்றாவது வழியொன்றைக் காட்டியிருக்கிறது. அவர்கள் வென்ற தீர்ப்பு நாளை ஓர் இந்துக் குழந்தைக்கும், ஒரு முஸ்லிம் குழந்தைக்கும், கடவுளே இல்லையென்னும் பெற்றோரின் குழந்தைக்கும் அதே அளவில் காவலாக நிற்கும்.

அத்தீர்ப்பு நீளமானதன்று, ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஆயர்களும் போதகர்களும் வாலிபர் கூட்டங்களிலும் ஓய்வுநாள் பள்ளிகளிலும் அதை எடுத்து வாசித்து, யெகோவாவின் சாட்சிகளின் உபதேசம் நம்முடையதன்று என்று சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆனாலும் அவர்களுடைய பிள்ளைகள் நின்ற நிலை நமக்கு முன்மாதிரி என்பதையும் மறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் காலை அணிவகுப்பில் ஒரு பிள்ளை எல்லாரோடும் எழுந்து நின்று, வாய் திறவாமல் இருக்குமானால், அதன் பெயரை மேலதிகாரிக்கு எழுதி அனுப்பாதீர்கள், மணி அடித்ததும் அதை வகுப்பில் அமர்த்திப் பாடம் நடத்துங்கள்.